மாத்திரையைச் சொல்லாத சாட்சி

சபையில் எல்லோரும் அவளை இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவை நிலையம் ஒன்றில் அவளுக்கு வேலை. பாதி உலர்ந்து வரும் படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து, நீராவி இஸ்திரி மெஷினின் உருளைகளுக்கு நடுவே சுருக்கமில்லாமல் கொடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் விரிப்பு கோணலாகும், இன்னும் கொஞ்சம் பிசகினால் விரலே கோணலாகிவிடும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. ஒருநாள் மெஷின் பக்கத்தில் நிற்கும்போதே வந்துவிட்டது. கூட இருந்தவள் சட்டென்று மெஷினை நிறுத்தியதால் கை தப்பியது. ஆனாலும் முழங்கைவரை வெந்துபோனது. அதற்குப் பிறகு சூப்பர்வைசர் அவளைத் தலையணை உறை மடிக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார். மடிப்பது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அவள் எழுந்து நடந்தாலே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். உடையப்போகிற பாத்திரத்தைப் பார்க்கிற பார்வை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அவள் தலையில் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். சபையே சுற்றி நின்று அழுதது. அதே வாரத்தில், ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த டாக்டர் அவளுடைய பழைய மாத்திரையை மாற்றி வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதோடு வலிப்பு நின்றுபோனது. மாதங்கள் போயின. சூப்பர்வைசரே வந்து, "மறுபடியும் மெஷினுக்கு வர்றியாம்மா?" என்று கேட்டார். அவள் கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, முகத்தைத் துண்டில் புதைத்து அழுதாள். ஜெபத்தையும் மாத்திரையையும் அவள் பிரித்துப் பார்க்கவில்லை. கடவுள் இரண்டு கையாலும் கொடுத்திருக்கிறார் என்றே நினைத்தாள்.

பாஸ்டர் அவளைச் சாட்சி சொல்லக் கேட்டார். சபையில் சாட்சி என்றால், தனக்குக் கடவுள் செய்ததை எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்வது. நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்த பின்னறையில், மேடைக்குப் போகுமுன், அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பாஸ்டர், நான் மாத்திரையை நிறுத்தலை. டாக்டர் புது மாத்திரை கொடுத்தாரு. அதையும் சொல்லிடணும் இல்ல?"

பாஸ்டர் கெட்டவர் இல்லை. சொந்தமாகக் கட்டடம் இல்லாத சபை அது. ஒரு வாடகைக் கூடத்தை வாரா வாரம் தானே பெருக்கித் துடைத்து நடத்தி வந்தார். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மருந்தும் கர்த்தர் கொடுத்ததுதானேம்மா. ஆனா அதைச் சொல்லப்போனா, எதனால சரியாச்சுன்னு ஜனங்க குழம்பிடுவாங்க. ஜெபத்தைப் பத்தி மட்டும் சொல்லு, போதும். பொய் சொல்லுன்னு நான் சொல்லலையே."

அவள் பொய் சொல்லவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் விழுந்தது, கை வெந்தது, பாஸ்டர் ஜெபித்தது, அதன் பிறகு ஒருதடவைகூட வராதது. சொன்னது அத்தனையும் நடந்தது. "யாரும்மா உனக்குச் சுகம் கொடுத்தது?" என்று பாஸ்டர் மைக்கில் கேட்டபோது, "இயேசப்பா" என்றாள். அதுவும் அவள் மனதார நம்பியதுதான். கூடம் அதிர்ந்தது. பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டியருகே உட்கார்ந்திருந்த அவள் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் எலெக்ட்ரீஷியன், சபையின் மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவர் பொறுப்பு. மேடையிலிருந்து இறங்கும்போது அவளுக்கு மட்டும், வீட்டில் குழாயை மூடாமல் வந்துவிட்டது போல ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

வாலிபர்கள் அதைப் படம்பிடித்து அனுப்பினார்கள். அது போனுக்குப் போன் தாவி எங்கெங்கோ போனது. முன்பின் தெரியாதவர்கள் சலவை நிலையத்து வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் தன் மனைவியின் போட்டோவைக் கொண்டுவந்து, "நீங்க தொட்டுக் கொடுத்தா போதும்" என்றார். அவளுக்குக் கை கூசியது.

பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு சலூன் இருந்தது. உள்ளே இரண்டு சுழல் நாற்காலிகள். ஒன்றில் முடி வெட்டுவார். இன்னொன்றில் எப்போதும் பழைய பேப்பர் கிடக்கும். சலூன்காரர் சபையில் எல்லோரையும் சிரிக்க வைப்பவர். "பாஸ்டர் பிரசங்கத்தைக் கொஞ்சம் கத்தரிக்கணும்னா என்கிட்ட விடுங்க" என்று பாஸ்டர் முன்னாலேயே சொல்வார். அவருக்கும் வலிப்பு இருந்தது. மாத்திரை சாப்பிட்டால் வலிப்பு அடங்கும், ஆனால் கை நடுங்கும். அதனால் கத்தரியோடு நிறுத்திக்கொண்டார். சவரக்கத்தியைத் தொடுவதையே விட்டிருந்தார்.

ஒரு சாயங்காலம், அவள் பஸ்ஸுக்கு நின்றபோது அவர் கடையிலிருந்து ஓடிவந்தார். வலது கையை அவள் முன்னால் நீட்டினார்.

"அக்கா, நல்லா பாருங்க. ஆடுதா?"

"ஆடலையே."

"ஆடாது. தூக்கிப் போட்டுட்டேன்ல."

"எதை?"

"மாத்திரையைத்தான். உங்க சாட்சியைக் கேட்டேன் பாருங்க, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஒரு சலவைக்கார அக்காவுக்கு இருக்குற விசுவாசம் எனக்கு இல்லையான்னு ரோஷம் வந்துடுச்சு. இப்ப சவரமே பண்றேன் அக்கா! காலையில ஒரு பெரியவர் வந்து கழுத்தைக் காட்டிக்கிட்டு நிம்மதியா தூங்கிட்டாருன்னா பாத்துக்கோங்க."

அவள் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். பஸ் வந்தது. ஏறிவிட்டாள். ஜன்னல் வழியே பார்த்தபோது, அவர் இன்னும் கையை நீட்டிப் பிடித்தபடி, அது ஆடவில்லை என்று அவளுக்குக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அவர் நிறுத்தினதுக்கு நீ என்ன பண்ணுவே? நிறுத்துன்னு நீ சொன்னியா?"

"சொல்லலைங்க."

"அப்புறம் என்ன?"

"நான் போட்டுக்கிட்டிருக்கேன்னும் சொல்லலையே."

அவர் திருகாணியைத் தேடினார். அது அவர் மடியிலேயே கிடந்தது.

மறுநாளே அவள் பாஸ்டரைப் பார்க்கப் போனாள். சபையின் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். அவர் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். முகம் வாடிப்போனது.

"நான் அவர்கிட்ட பேசுறேன்மா."

"மாத்திரையை நிறுத்த வேணாம்னு சொல்லுவீங்களா?"

"பக்குவமா சொல்லணும். ஒருத்தர் விசுவாசத்துல கால் வைக்கும்போது தட்டிவிடக் கூடாது பாரு."

"அப்ப நான் சபையில எழுந்து சொல்லிடறேன் பாஸ்டர். நான் இன்னைக்குக் காலையிலகூட மாத்திரை போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்னு."

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "இத்தனை பேர் உன் சாட்சியைக் கேட்டு நம்பிக்கைக்கு வந்திருக்காங்க. அதுல எத்தனை பேர் விழுந்துபோவாங்கன்னு யோசிச்சியா? உண்மையாவே இருந்தாலும் எந்த உண்மையை எப்ப சொல்றதுன்னு ஒண்ணு இருக்கும்மா."

"கர்த்தருக்கு என்னோட பொய் எதுக்கு பாஸ்டர்? அது இல்லாம அவரால நிக்க முடியாதா?"

சொன்ன பிறகு அவளுக்கே பயமாகிவிட்டது. பாஸ்டரிடம் அவள் அதுவரை அப்படிப் பேசியதில்லை. அவர் கோபப்படவில்லை. "ஜெபம் பண்ணுவோம்" என்றார். இருவரும் செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடினார்கள். அவர் ஜெபித்தார். அவளுக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

அங்கிருந்து நேராகச் சலூனுக்குப் போனாள். கடையில் வேறு யாரும் இல்லை. சலூன்காரரின் மனைவி அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். சுவர் ஓரமாக நின்று பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தாள். இஸ்திரி அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"தம்பி, நான் மாத்திரையை நிறுத்தவே இல்லை. ஒரு வேளைகூட விட்டதில்லை. சாட்சி சொன்ன அன்னைக்கும் போட்டுட்டுத்தான் மேடை ஏறினேன்."

சலூன்காரர் அவளைக் கண்ணாடியில் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பாஸ்டர் சொல்லி அனுப்பிச்சாரா அக்கா? என் விசுவாசத்தைச் சோதிக்கிறாரா?"

"யாரும் அனுப்பலை. சத்தியமா சொல்றேன்." பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பாதி மாத்திரைகள் தீர்ந்திருந்தன.

அவர் அட்டையைத் தொடவில்லை. சிரிப்பு மெல்ல இறங்கியது. "சரி அக்கா, நீங்க போட்டீங்க. உங்க விசுவாசம் அவ்வளவுதான். நான் போடலை, எனக்கு ஒண்ணும் வரலையே. இது எப்படி?"

"இன்னைக்கு வரலை தம்பி. நாளைக்கு வந்தா?"

"மாத்திரை போட்டா கை நடுங்கும். கை நடுங்குற சலூன்காரன்கிட்ட எவன் அக்கா கழுத்தைக் கொடுப்பான்? கண்ணாடி முன்னால நின்னு என் கையை நானே பாத்துக்கிட்டு எத்தனை வருஷம் குமைஞ்சேன் தெரியுமா? இப்பத்தான் மனுஷனா நிக்கிறேன். அதைப் பிடுங்கவா வந்தீங்க?"

"டாக்டர்கிட்ட சொன்னா வேற மாத்திரை மாத்திக் கொடுப்பாரு. எனக்கு மாத்திக் கொடுத்த மாதிரி..."

"பாஸ்டரும் இப்பத்தான் போன்ல பேசினாரு. 'பாத்துச் செய்ங்க, ஆனா உங்க விசுவாசத்துக்குக் குறுக்கே நான் நிக்க மாட்டேன்'னு சொன்னாரு. அவரே நிக்கலை, நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

மனைவி சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டாள். அவள் பார்வை மாத்திரை அட்டைமேலேயே இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்தார். சலூன்காரர் துணியை உதறி விரித்து, "வாங்க சார், உட்காருங்க" என்றார். இஸ்திரி அக்கா அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தனியாகச் சொன்னால் எடுபடாது, சாட்சியை எங்கே சொன்னாளோ அங்கேயே திருத்த வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை, சாட்சி நேரம் வந்தது. யாரும் கூப்பிடாமலேயே அவள் எழுந்து முன்னால் போனாள். மைக் பிடித்திருந்த வாலிபர், சுகம் பெற்ற அக்கா என்பதால் உடனே கொடுத்துவிட்டார். பாஸ்டர் மேடையின் ஓரத்தில் நாற்காலியில் இருந்தார். சலூன்காரரும் மனைவியும் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தாள். "போன தடவை நான் ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். கர்த்தர் எனக்குச் சுகம் கொடுத்தாரு, அதுல சந்தேகம் இல்லை. ஆனா நான் மாத்..."

மைக் செத்துப்போனது.

அவள் அதைத் தட்டிப் பார்த்தாள். சத்தமில்லை. நிமிர்ந்து, கூடத்தின் பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்தாள். அவள் கணவர் குனிந்திருந்தார். அவருடைய கை ஒரு பொத்தானின் மேல் இருந்தது. அவள் பார்ப்பது தெரிந்தும் அவர் தலை நிமிரவில்லை.

"நான் மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்று அவள் வெறும் தொண்டையால் கத்தினாள். அதற்குள் பாஸ்டர் எழுந்து கையைத் தட்டிப் பாட்டைத் தொடங்கிவிட்டார். கீபோர்டு சேர்ந்துகொண்டது. ஸ்பீக்கர் இப்போது நன்றாகவே வேலை செய்தது. முன்வரிசைப் பெண்கள் சிலருக்கு அவள் சொன்னது கேட்டிருக்க வேண்டும். எழுந்து வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தோளை அணைத்தாள். ஒருத்தி நெற்றியில் கைவைத்தாள். "சுகத்தைத் திருட வந்த பிசாசே, போ" என்று ஒருத்தி காதருகே உரக்க ஜெபித்தாள். எல்லாரும் அவள்மேல் பிரியமானவர்கள். கை வெந்து கிடந்தபோது மாற்றி மாற்றிச் சமைத்துக் கொண்டுவந்தவர்கள். அவர்களை உதறவும் முடியவில்லை. அந்தக் கைகளுக்கு நடுவே நின்று, "எனக்குப் பிசாசு இல்லை, நான் சொல்றதைக் கேளுங்க" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள். அழ ஆரம்பித்தாள். அவள் அழுததும், விடுதலை கிடைத்துவிட்டது என்று அவர்கள் அல்லேலூயா சொன்னார்கள்.

வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் கணவர் நின்றபடியே சொன்னார்.

"பாஸ்டர் திரும்பிப் பாத்தாரு. என் கை தானா போயிடுச்சு."

"தானா எப்படிங்க போகும்?"

"நீ விழுந்து கிடக்குறதை எத்தனை வருஷம் பாத்திருக்கேன். வாயில நுரை தள்ளி, கண்ணு மேல போயி... அது போயிடுச்சு, இனிமே வராதுன்னு எல்லார் முன்னாடியும் நீ சொன்னே. அதை நீயே இல்லேன்னு சொன்னா, திரும்பி வந்துடுமோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு. போதுமா?"

அவர் அழுவதை அவள் அதிகம் பார்த்ததில்லை. அவரைத் திட்ட நினைத்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாடு போடு" என்றார். போட்டாள்.

அந்த வாரமே சலூன்காரர் வீட்டுக்குப் போனாள், அவர் கடையில் இருக்கும் நேரம் பார்த்து. அவர் மனைவி கதவைத் திறந்தவள், உள்ளே வா என்று சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை.

"அன்னைக்குச் சபையில நான் என்ன சொல்ல வந்தேன்னு உனக்குத் தெரியும்மா."

"தெரியும் அக்கா."

"அவரோட மாத்திரை வீட்ல இருக்கா?"

"அவர் தூக்கிப் போட்டதைப் பொறுக்கி வச்சிருக்கேன். துணிக்கு அடியில."

இஸ்திரி அக்காவுக்கு அதைக் கேட்டதும் உயிர் வந்தது. குரலைத் தாழ்த்தினாள். "அப்ப ஒண்ணு செய். பொடி பண்ணி அவர் சாப்பாட்டுல கலந்து கொடுத்துடு. அவருக்குத் தெரிய வேணாம்."

அந்தப் பெண் அவளை விசித்திரமாகப் பார்த்தாள்.

"கட்டின புருஷனை ஏமாத்தச் சொல்றீங்களா அக்கா? உண்மையைச் சொல்லணும்னு எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னது நீங்கதானே?"

இஸ்திரி அக்கா வாசற்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கலந்து கொடுத்தா கை நடுங்கும். அவர் கண்டுபிடிச்சிடுவாரு. அதுக்கப்புறம் என் கையால ஒரு வாய் தண்ணிகூட வாங்க மாட்டாரு" என்றாள் அந்தப் பெண். "நானும் சொல்லிப் பாத்துட்டேன் அக்கா. கால்ல விழாத குறை. 'உனக்கும் அந்த அக்காவுக்கும்தான் விசுவாசம் இல்லை'ன்னு சொல்றாரு. எந்நேரமும் அவர் பின்னாலயே கண்ணை வச்சுக்கிட்டிருக்கேன். வேற நான் என்ன செய்யட்டும்?"

"நான் சொன்னதாலதானே எல்லாம்" என்றாள் இஸ்திரி அக்கா.

உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு தினமும் பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் அவள் முதலில் சலூனைப் பார்ப்பாள். சலூன்காரர் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருப்பார். அவளைக் கண்டால் கையை உயர்த்தி, ஆடவில்லை என்று காட்டுவார். கேலியாகத்தான், கோபமாக இல்லை. அவள் சிரிப்பதா தலையைக் குனிவதா என்று தெரியாமல் போய்விடுவாள். ஒவ்வொரு நாளும் ஒன்றும் நடக்காமல் கழிந்தபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ, விசுவாசம் குறைந்தவள் நான்தானோ என்றுகூட நினைத்தாள். அப்படியே இருக்கட்டும் என்று ஜெபித்தாள். 'என்னைப் பொய்யாக்கிவிடு ஆண்டவரே, அவரைக் காப்பாற்று' என்று விரிப்பு உருளைக்குள் போகும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் மதிய வேளையில் போன் வந்தது. கணவர்தான். "சலூன்காரர் கடையில விழுந்துட்டாரு. தலையில அடி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க." விரிப்பின் ஒரு முனை அவள் கையிலிருந்து நழுவியது. எதிர்முனை பிடித்திருந்தவள் மெஷினை நிறுத்தினாள்.

நல்லவேளை, கடையில் அப்போது சவரத்துக்கு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தண்ணீர் எடுக்க எழுந்தவருக்கு வலிப்பு வந்து, மேசையின் கல் விளிம்பில் தலை மோதியிருக்கிறது. ஒன்று நின்றதும் அடுத்தது, அது அடங்குமுன் இன்னொன்று என்று வந்துகொண்டே இருந்ததாம். தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள்.

அறுவை அறைக்கு வெளியே நீண்ட தாழ்வாரத்தில் சலூன்காரரின் மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். பாஸ்டர் வந்திருந்தார், கையில் பைபிள், அதைத் திறக்கவில்லை. இஸ்திரி அக்காவின் கணவரும் வந்தார். சபையிலிருந்து இன்னும் சிலர். கதவைத் திறந்துகொண்டு ஒரு டாக்டர் வெளியே வந்தார்.

"இவர் வலிப்புக்கு மாத்திரை எடுத்துக்கிட்டிருந்திருக்காரு இல்ல? ஏன் நிறுத்தினாரு?"

சலூன்காரரின் மனைவி தரையைப் பார்த்தாள். பாஸ்டர் பைபிளை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"யாருக்காவது தெரியுமா?"

"நான் சொன்னதைக் கேட்டு நிறுத்தினாரு" என்றாள் இஸ்திரி அக்கா.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். சலவை நிலையத்து நீல மேலங்கியைக்கூட அவள் கழற்றியிருக்கவில்லை. "நீங்க சொன்னீங்களா? நீங்க யாரு?"

"துணி தேய்க்கிறவ. எனக்கும் வலிப்பு இருக்கு. ஜெபத்துல சரியாச்சுன்னு சபையில சொன்னேன். மாத்திரை போட்டேன்னு சொல்லலை."

டாக்டருக்கு அதைக் கேட்க நேரம் இல்லை. "எவ்வளவு நாளா நிறுத்தியிருக்காருன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். மனைவி சொன்னாள். அவர் உள்ளே போய்விட்டார்.

கதவு மூடிய பிறகு, பாஸ்டர் தழுதழுத்த குரலில் அவளிடம் சொன்னார்: "நீ மட்டும் இல்லைம்மா. நானும்தான்."

அவள் காத்திருந்த வார்த்தை அது. செங்கல் குவியலருகே வந்திருக்க வேண்டியது. "இதைச் சபையில சொல்லுவீங்களா பாஸ்டர்?" என்று கேட்டாள். அவர் சொல்வதாகத் தலையசைத்தார். அந்த நேரத்தில் மனதாரத்தான் அசைத்திருப்பார்.

சலூன்காரர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. போன பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சமிருந்தது: 'சரி.' பசித்தாலும் 'சரி', வலித்தாலும் 'சரி', யாராவது வந்தாலும் 'சரி' என்பார். சில சமயம் கோபமாக, சில சமயம் அழுதுகொண்டே, அதே சொல். மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில் அடிபட்டிருக்கிறது, அவர் என்ன நினைக்கிறாரோ அதுவல்ல வாயில் வருவது என்று டாக்டர் விளக்கினார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சபைக்குக் கூட்டி வந்தார்கள். பாஸ்டர் மேடையில் நின்றார். நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தேய்ந்தது. ஏன் சொல்கிறார், யாருடைய சாட்சியால் என்ன நடந்தது என்பதற்கு வருவதற்குள், பின்வரிசையில் யாரோ, "மரண வாசல்லேர்ந்து நம்ம சகோதரரைத் திருப்பிக் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்!" என்று குரல் கொடுத்தார். கூடம் கைதட்டியது. பாஸ்டர் சொல்ல வந்ததை விட்டுவிட்டார். பிறகு அவரும் ஆமென் என்றார். சலூன்காரரின் மனைவியை முன்னால் அழைத்துச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். அவள் மைக்கை வாங்கி, "உயிரோட கொடுத்தாரு, ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவர்களுக்கு அப்போது சபைதான் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தது. வேறு என்னதான் சொல்வாள்?

இஸ்திரி அக்காவின் கணவர் அன்றோடு ஒலிபெருக்கிப் பெட்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டார். முதுகுவலி என்று காரணம் சொன்னார். அவருக்கு முதுகுவலி கிடையாது. அதை அவள் அவரிடம் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் அவள் சலூன்காரர் வீட்டுக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டாள். அவர் மனைவிக்கு இப்போது ஒரு துணிக்கடையில் வேலை. அவள் திரும்பும்வரை இவள் அவருக்கு ஊட்டிவிட்டு, விரல்களை நீவிவிட்டு, படுக்கை விரிப்பை மாற்றுவாள். யாரும் வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. சபையில் இன்னும் சிலர் அவளை, அந்த வலிப்பு சுகமான அக்கா என்று புதியவர்களுக்கு அறிமுகப்படுத்துகிறார்கள். அவள் ஒவ்வொரு தடவையும், "மாத்திரை போடுறேன்" என்று சொல்கிறாள். அடக்கத்தில் சொல்வதாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு சாயங்காலம், அவருக்குத் தலையணையைச் சரிசெய்து வைத்துவிட்டு, அவள் கட்டிலோரம் முழங்காலில் உட்கார்ந்தாள்.

"தம்பி, நான் பஸ் நிறுத்தத்துல அன்னைக்கே சொல்லியிருக்கணும். இல்லை, மேடையிலேயே சொல்லியிருக்கணும். சொல்லலை. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் அவளையே பார்த்தார். கண் தெளிவாக இருந்தது. உதடு கோணி, மெல்லத் திறந்தது.

"சரி" என்றார்.

அவள் காத்திருந்தாள். அவர் முகத்தில் ஏதாவது தெரியுமா என்று தேடினாள். அவர் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பி, இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, "சரி" என்றார். தண்ணீர் கேட்கிறாரோ என்று டம்ளரை எடுத்து வாயருகே பிடித்தாள். அவர் குடிக்கவில்லை. தண்ணீர் கடைவாய் வழியே வழிந்து கழுத்துக்கு இறங்கியது. அவள் அதைத் துடைத்துவிட்டாள்.